கடலுக்குப் போகாத எலும்புகள்

போன தடவை பிட்யூட்டரி கட்டிகளைப் பத்திப் பேசினப்போ சார்லஸ் பைர்ன் பேரைச் சும்மா தொட்டுட்டுப் போயிட்டேன். இன்னிக்கு அவர் கதைதான்.

1761-ல் அயர்லாந்தின் வடக்கே பிறந்தவர். உயரம் 2.31 மீட்டர். லண்டனில் தன்னையே காட்சிப்பொருளாக்கிப் பிழைத்தார். 1783-ல் சாகும்போது வயசு 22. 'டாக்டர்கள் என்னை அறுக்க விடாதீங்க, கடலில் போட்டுடுங்க' என்பதுதான் அவர் நண்பர்களிடம் கேட்டது. ஆனால் ஜான் ஹண்டர் என்ற சர்ஜன் காசு கொடுத்து உடலை வாங்கிட்டார். எலும்புக்கூடு மியூசியத்துக்குப் போச்சு.

1909-ல் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். பிட்யூட்டரி உட்காரும் குழி பெரிசாகியிருந்தது. வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டும் கட்டி. ஆனா கட்டி ஏன் வந்தது?

2006-ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஏஐபி என்ற ஜீனில் பிழையைக் கண்டுபிடித்தாங்க. 2011-ல் மார்ட்டா கோர்போனிட்ஸ் குழு பைர்னின் பற்களிலிருந்து டிஎன்ஏ எடுத்தது. அதே ஜீனில் பிழை! அந்தப் புரதத்தில் 330 அமினோ அமிலங்கள். 304-வது இடத்தில் 'நிறுத்து' என்ற கட்டளை வந்து விழுந்திருக்கு. நம்ம பாஷையில், ஃபங்ஷன் முடியறதுக்கு முன்னாடியே யாரோ ரிட்டர்ன் எழுதிட்டாங்க. இன்றைய வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றிலும் அச்சு அசலா இதே பிழை. எல்லாருக்கும் ஒரே பழைய மூதாதை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கு. சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன்தான் வளர்ச்சி ஹார்மோனுக்கு பிரேக். அதைப் போலச் செய்த ஆக்ட்ரியோடைட் போன்ற ஊசிகள் பலருக்கு வேலை செய்யும். ஏஐபி பிழையுள்ள கட்டிகளோ பெரும்பாலும் அந்த ஊசிக்கு அடங்கறதில்லை. செல்லுக்குள் பிரேக் செய்தியைக் கொண்டுபோகும் ஜி-புரதம் அங்கே குறைச்சலா இருக்குன்னு ஆய்வுகள் காட்டுது. மிதியைப் பிடிச்சாச்சு, வயர் தளர்ந்திருக்கு. அதனால்தான் இந்தக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஜீன் டெஸ்ட் செய்யறாங்க. பிழை இருக்கிற எல்லாருக்கும் கட்டி வராது. வந்தால் சீக்கிரம் பிடிச்சா, ராட்சத உயரத்துக்கு முன்னாடியே ஆபரேஷன் செய்துடலாம்.

ஒரு மனுஷன் கடைசியா கேட்டதை மறுத்துத்தான் இந்த அறிவு கிடைச்சது. 'நல்லதுக்குத்தானே' என்று கடந்துபோக எனக்கு மனசில்லை. டிஎன்ஏ எடுத்தாச்சே, இனி எலும்பு எதுக்கு?

2023-ல் ஹண்டேரியன் மியூசியம் திரும்பத் திறந்தப்போ எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துட்டாங்க. ஆராய்ச்சிக்காக உள்ளேதான் வச்சிருக்காங்க. கடலுக்கு இன்னும் போகலை.