‘அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?’: இரவு, சாதி, பழிசுமத்தல் குறித்த ஒரு சட்டப் பார்வை

2023 ஜனவரியில் காஞ்சிபுரத்தின் புறநகர்ப் பகுதியில், இருட்டிய வேளையில் நண்பருடன் பேசிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர் கத்திமுனையில் மிரட்டப்பட்டுக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். காவல் துறை விரைந்து கைது நடவடிக்கை எடுத்தது. ஆனால் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் சமூக ஊடகத்திலும் அதைவிட விரைவாக ஒரு கேள்வி பரவியது: ‘அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?’ கத்தியோடு வந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

முதல் கேள்வி வெறும் நாக்குத் தவறு அன்று. அது காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் வாசகமாகிறது. மருத்துவமனையில் பரிசோதனைக் குறிப்பாகிறது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையாகிறது. சில வேளைகளில் தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் தலித் பெண்ணாக இருந்தால், அந்தக் கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. ஆகவே இக்கேள்வியின் வரலாற்றையும், அதற்குச் சட்டம் இன்று அளிக்கும் விடையையும், களத்தில் நிற்கும் தோழர்களும் மாணவர்களும் கையில் வைத்துக்கொள்ளத்தக்க வகையில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இரவு யாருடையது?

காஞ்சிபுரம் என்றால் வெளியூராருக்குக் கோபுரமும் பட்டுப் புடவையும்தான் நினைவுக்கு வரும். இம்மாவட்டத்தின் இன்னொரு முகம் திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகள். கைப்பேசிகளையும் வாகன உதிரிப் பாகங்களையும் உருவாக்கும் அந்த ஆலைகளுக்குப் பல்லாயிரம் இளம்பெண்கள் ஷிப்டு முறையில் சென்று வருகிறார்கள். அவர்களில் கணிசமானோர் நிலமற்ற குடும்பங்களின் முதல் தலைமுறை ஊதியக்காரர்கள். கம்பெனிப் பேருந்து நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். சாலையிலிருந்து ஊரைக் கடந்து, ஊருக்கு அப்பால் இருக்கும் குடியிருப்புவரை நடக்க வேண்டும். தெருவிளக்கு ஊர் எல்லையோடு முடிந்துவிடுகிற இடங்களில், இருட்டுக்கும் ஒரு சாதி முகவரி உண்டு என்பதை அங்கே நடந்தவர்கள் அறிவார்கள்.

‘இரவில் பெண் வெளியே வரக் கூடாது’ என்பது நெடுங்காலம் சட்டமாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 66, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலைகளில் பெண்கள் பணிபுரிவதைத் தடுத்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில், இத்தடை சமத்துவ உரிமைக்கு முரணானது என்று செல்லாததாக்கியது. போக்குவரத்து, ஓய்வறை, கூட்டமாகப் பணியமர்த்தல் போன்ற பாதுகாப்பு நிபந்தனைகளையும் வகுத்தது. பாதுகாப்பு என்பது பெண்ணை வீட்டில் பூட்டி வைப்பதன்று, வெளியை அவளுக்கு உகந்ததாக்குவதே என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம்.

‘இரவுதான் ஆபத்து’ என்ற கூற்று உண்மையும் அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கின்றன: பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர். உறவினர், அண்டை வீட்டார், முதலாளி, நண்பர் என்று அப்பட்டியல் நீள்கிறது. ஹாத்ரஸில் 2020 செப்டம்பர் 14 அன்று தாக்கப்பட்ட தலித் பெண், தாயுடன் வயலுக்குப் புல் அறுக்கச் சென்றவர். அது பகல் வேளை. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று பழங்குடிப் பெண்கள் 18 பேரைச் சிதைத்தவர்கள் இருட்டில் பதுங்கியிருந்த அந்நியர்கள் அல்லர். அரசுச் சம்பளம் வாங்கியவர்கள். ‘இரவில் ஏன் வெளியே சென்றாய்?’ என்று கேட்க முடியாத இடத்தில் ‘சந்தனக் கடத்தல்காரர்கள்’ என்று பழி வந்தது. பழி சுமத்துவதற்குக் காரணம் கிடைக்காமல் போனதே இல்லை.

சட்டம் பழியைக் கைவிட்ட பாதை

1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், இரவில், ‘மதுரா’ என்று சட்ட வரலாறு குறிப்பிடும் பழங்குடிச் சிறுமி காவலர்களால் வன்கொடுமை செய்யப்பட்டார். அவரை அங்கே அழைத்து வந்ததே ஒரு புகார் விசாரணைதான். 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை, ஆகவே சம்மதம் என்பது அத்தீர்ப்பின் தர்க்கம். 1979இல் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய நால்வர் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலும், அதைத் தொடர்ந்த பெண்கள் இயக்கமும் 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு இட்டுச் சென்றன. காவலில் நிகழும் வன்புணர்வில் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதையே ஏற்க வேண்டும் என்ற அனுமானம் அப்போது வந்தது. ஒரு பழங்குடிச் சிறுமிக்கு மறுக்கப்பட்ட நீதியிலிருந்துதான் இந்நாட்டுப் பெண்கள் அனைவருக்குமான பாதுகாப்பு பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அதன் பின் வந்த படிகள் இவை:

1996இல் பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் வேறு ஆதரவுச் சான்று தேவையில்லை என்றும், அவரது நடத்தை குறித்து நீதிமன்றங்கள் கருத்துச் சொல்லலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

2002ஆம் ஆண்டுத் திருத்தம், ‘ஒழுக்கக்கேடான நடத்தை உள்ளவர்’ என்று காட்டிப் பெண்ணின் சாட்சியத்தைத் தகர்க்க இடமளித்த சாட்சியச் சட்டப் பிரிவு 155(4)ஐ நீக்கியது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம், முந்தைய பாலியல் அனுபவம் சம்மதம் குறித்த கேள்விக்குத் தொடர்பற்றது என்று வெளிப்படையாகவே எழுதியது. இன்று பாரதிய சாட்சிய அதிநியமத்தின் பிரிவு 48 அதைச் சொல்கிறது. உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதம் என்று கொள்ள முடியாது என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 63இல் உள்ள விளக்கம்.

‘இருவிரல் பரிசோதனை’ 2013இல் லில்லு வழக்கில் அரசமைப்புக்கு முரணானது என்று கண்டிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அதைத் தமிழ்நாட்டில் உடனடியாகத் தடை செய்யப் பணித்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், அப்பரிசோதனையை நடத்துபவர் நெறிதவறிய நடத்தைக்குக் குற்றவாளியாவார் என்று அறிவித்தது.

2021 மார்ச் 18 அன்று வந்த அபர்ணா பட் தீர்ப்பு நம் தலைப்புக்கு நேரடி விடை. இரவில் தனியாக இருப்பதோ, குறிப்பிட்ட உடை அணிவதோ பெண்ணைத் தாக்குதலுக்குப் பொறுப்பாக்கும் என்பன போன்ற எண்ணங்களை நீதிபதிகள் எழுத்திலோ பேச்சிலோ வெளிப்படுத்தலாகாது என்று அது ஒரு பட்டியலே தந்தது. இதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2020 ஜூனில், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஒரு பிணை உத்தரவு, புகார்தாரர் இரவு 11 மணிக்கு அலுவலகத்துக்கு ஏன் சென்றார் என்று வினவியிருந்தது. சட்டம் மாறுவதும் சட்டத்தைக் கையாள்வோரின் மனம் மாறுவதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை.

சாதி சேரும்போது

ஆதிக்கச் சாதிப் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி, ‘ஏன் வெளியே வந்தாய்?’ என்பது. தலித் பெண்ணிடம் அது கேட்கப்படும்போது உட்பொருள் வேறு. வயலிலும் செங்கல் சூளையிலும் பிறர் வீட்டுக் கொல்லையிலும் உழைப்பதற்காக அவள் என்றுமே வெளியேதான் இருந்தாள். வீட்டுக்குள் இருக்கும் சொகுசை அவளுக்கு அளிக்காத அதே சமூகம்தான், வெளியே இருந்ததை அவளது குற்றமாக்குகிறது. மற்றொரு பக்கம், ‘தீண்டத்தகாதவளை உயர்சாதிக்காரன் தொடுவானா?’ என்ற நயவஞ்சகமான வாதமும் எழுகிறது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பாலினப் படிமங்கள் குறித்த கையேடு, இந்த வாதத்தைப் பொய்யான படிமம் என்று பெயர் குறித்தே நிராகரிக்கிறது. பாலியல் வன்முறை நெடுங்காலமாகச் சாதி ஆதிக்கத்தின் கருவியாகவே பயன்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற தலித் பெண் ஒருவர் எதிர்கொண்ட வன்முறையை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சாதி, பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது, அவை ஒன்றோடொன்று பின்னியே ஒடுக்குகின்றன என்றது. ஆனால் அதே வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியான தண்டனை நிலைக்கவில்லை. குற்றம் நடந்த காலத்தில் இருந்த பிரிவு 3(2)(v), ‘சாதியின் காரணமாகவே’ குற்றம் நடந்தது என்று நிறுவக் கோரியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை மாற்றியது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்று அறிந்திருந்தாலே இன்று போதும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அவரையோ அவர் குடும்பத்தையோ நேரடியாகத் தெரியும் என்றால், சாதி அறிந்தே செய்தார் என்று பிரிவு 8(c) அனுமானிக்கிறது. ஊரும் சேரியும் ஒன்றையொன்று அறிந்த கிராமங்களில் இது மிக வலுவான பிரிவு. எனினும் முதல் தகவல் அறிக்கையில் சாதி எழுதப்படாமல் விடுபடும்போது, இவ்வலிமை முழுவதும் முதல் நாளே வீணாகிறது.

முதல் தகவல் அறிக்கை எழுதும் கை

2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நண்பருடன் இருந்த மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அடுத்த சில நாள்களில் அவரது விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதன் மொழிநடை, குற்றவாளியைவிடப் பாதிக்கப்பட்டவரையே பழிப்பதாக உள்ளது என்று டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது.

ஐந்து மாதச் சொச்சத்தில் தீர்ப்பு. வாச்சாத்திப் பெண்கள் முதல் தீர்ப்புக்குக் காத்திருந்தது 19 ஆண்டுகள். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்யும்வரை 31 ஆண்டுகள். விரைவு நீதி சாத்தியம் என்பதை முதல் வழக்கு காட்டுகிறது. அது யாருக்குச் சாத்தியம் என்ற கேள்வியை இரண்டாவது எழுப்புகிறது. தலைநகரின் ஊடக வெளிச்சம் விழாத ஒரு குடியிருப்பிலிருந்து வரும் பெண்ணுக்கும் அதே வேகம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

புகாரளிக்கும்போது அறிந்திருக்க வேண்டியவை

1. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். ‘எங்கள் எல்லையில்லை’ என்று மறுக்க முடியாது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 இதை உறுதிசெய்கிறது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே பதிவுசெய்ய வேண்டும். இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கு நியாய சன்ஹிதா பிரிவு 199இன்படி ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

2. சாதியையும், தாக்கியவருக்கு அது தெரியும் என்பதையும், சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அச்சொற்களையும் புகாரிலேயே எழுதச் செய்யுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதி 7இன்படித் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியைச் சாராத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமையைப் புறக்கணித்தால் பிரிவு 4இன்படி அவரும் குற்றவாளி.

3. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அதில் ‘இந்நேரத்தில்’, ‘ஆண் நண்பருடன் தனிமையில்’ என்பன போன்ற பழிக்கும் தொடர்கள் இருந்தால், கண்காணிப்பாளருக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

4. அரசு, தனியார் மருத்துவமனை எதுவாயினும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக அளிக்க வேண்டும். புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், பெண்ணின் சம்மதத்துடன், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தாமதமாகப் புகார் அளித்தால் வழக்கே இல்லை என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். தாமதத்தின் காரணத்தை விளக்கினால் போதும்.

5. பிரிவு 15Aஇன்படி, பிணை மனு உட்பட ஒவ்வொரு விசாரணை குறித்தும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தர வேண்டும். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உறுதிப்படுத்தியது. முன்பிணைக்குப் பிரிவு 18 தடை விதிக்கிறது.

6. 2016ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் விதிகளின்படி, வன்புணர்வுக்கு 5 லட்சம் ரூபாயும் கூட்டு வன்புணர்வுக்கு 8.25 லட்சம் ரூபாயும் நிவாரணம் உண்டு. பாதித் தொகை மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே வழங்கப்பட வேண்டும். தீர்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. இது சமரசத்துக்கான விலையன்று, அரசின் கடமை.

7. பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது நியாய சன்ஹிதா பிரிவு 72இன்படிக் குற்றம். நீதி கேட்டு ஒட்டும் சுவரொட்டிக்கும் இது பொருந்தும். இக்கட்டுரையில் பாதிக்கப்பட்ட எவர் பெயரும் இல்லாததற்கு இதுவே காரணம்.

8. உதவி எண்கள்: பெண்களுக்கு 181, வன்கொடுமை வழக்குகளுக்குத் தேசிய உதவி எண் 14566, இலவசச் சட்ட உதவிக்கு 15100, அவசரத்துக்கு 112.

நம் வீட்டுக்குள்ளும்

பழிசுமத்தல் பிறரிடம் மட்டும் இருப்பதாக எண்ணிக்கொள்வது எளிது. ‘படிக்கப் போனது போதும், வீட்டோடு இரு’ என்று மகளின் கல்லூரியை நிறுத்தும் அன்பும், ‘நம் தெரு மானம் போகும்’ என்று புகாரைத் தடுக்கும் பெரியவரின் கவலையும், ‘போராட்டத்துக்குப் பாதகம் வரும்’ என்று அமைப்புக்குள் நடந்ததை மூடும் தோழரின் தந்திரமும் அதே கேள்வியின் வேறு வடிவங்களே. ஒரு சம்பவத்துக்குப் பின் ஒரு குடியிருப்பின் பெண்கள் எல்லாம் ஷிப்டு வேலையையும் மாலைக் கல்லூரியையும் கைவிட்டால், வன்கொடுமை செய்தவன் நினைத்ததை நாமே நிறைவேற்றிக் கொடுத்தவர்களாவோம்.

ஆகவே ஊராட்சி மன்றக் கூட்டத்திலும் கிராம சபையிலும் நாம் கேட்க வேண்டியவை எளியவை: ஊர் எல்லையைத் தாண்டிக் கடைசி வீடுவரை தெருவிளக்கு; கம்பெனிப் பேருந்து குடியிருப்பின் வாசல்வரை; இரவிலும் திறந்திருக்கும் மகளிர் காவல் நிலையம்; வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. பெண் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்ய நாம் கூட வேண்டியதில்லை. அவள் எத்தனை மணிக்குத் திரும்பினாலும் அச்சமின்றித் திரும்புவதற்கு யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யவே கூட வேண்டும்.

அடுத்த முறை ‘அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?’ என்று ஒருவர் கேட்டால், விடை நம்மிடம் இருக்கிறது. அவளுக்கு அங்கே வேலை இருந்தது. அல்லது வேலையே இல்லாமல் நிற்கவும் அவளுக்கு உரிமை இருந்தது. இரண்டையும் அரசமைப்புச் சட்டம் ஒன்றாகவே பாதுகாக்கிறது.