குருதோங்மார் ஏரி

குருதோங்மார் ஏரி இந்தியாவின் சிக்கிம் மாநிலத்தில், மங்கன் மாவட்டத்தில், திபெத்து எல்லைக்கு அருகே அமைந்துள்ள பனியாற்று ஏரியாகும். கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. இதிலிருந்து வெளியேறும் நீர் தீஸ்தா ஆற்றைச் சேர்கிறது. குளிர்காலத்தில் ஏரி உறைந்தாலும், பத்மசம்பவர் தொட்ட பகுதி மட்டும் உறைவதில்லை என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. சீக்கியர்கள் இதனைக் குரு நானக்குடன் தொடர்புபடுத்துவர்.

பயணம்

எல்லைப் பகுதியாதலால் முன் அனுமதி தேவை. பதிவு பெற்ற சுற்றுலா முகவர்கள் வழியாக, கேங்டாக்கிலிருந்து வண்டியும் வழிகாட்டியும் அமர்த்திச் செல்வதே வழக்கம். லாச்சென் ஊரில் இரவு தங்கி, விடியுமுன் புறப்படுவர். நண்பகலுக்குப் பின் காற்று கடுமையாகிவிடும்.

லாச்சென் தொட்டபெட்டாவை (2,637 மீ) விடச் சற்றே உயரமானது. ஏரியோ அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம். இவ்வேற்றம் சில மணி நேரத்தில் வண்டியிலேயே முடிந்துவிடுவதால் உடல் பழகுவதில்லை. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவை உயர மலை நோயின் அறிகுறிகள். இவை முற்றினால் உடனே கீழிறங்குவதே முதன்மையான மருத்துவம். சங்கரன்கோவில் போன்ற சமவெளி ஊர்களிலிருந்து செல்வோர் லாச்செனில் கூடுதலாக ஓர் இரவு தங்குவது நன்று; முகவர்களின் குறுகிய பயணத் திட்டங்களில் இதற்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை.

2023 வெள்ளம்

2023 அக்டோபர் தொடக்கத்தில், இதே மாவட்டத்திலுள்ள தெற்கு லோனாக் ஏரியின் கரையில் பனியாறு குவித்திருந்த மண்மேடு சரிந்து ஏரிக்குள் விழுந்தது. எழுந்த வெள்ளம் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணையை உடைத்தது. பாலங்களும் சாலைகளும் அழிந்ததால் லாச்சென் வழிப் பயணம் நெடுநாள் தடைபட்டது.