காணாமல் போன கோப்பும் ஓசியில் கிடைத்த தேடல் கருவிகளும்

புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, மணி பதினொன்று. நடைமுறை மூலதனம் பற்றிய மூன்றாவது அத்தியாயத்தைக் காணோம். தப்பு என்னுடையதுதான், அவசரத்தில் ஏதோ பெயரில் எங்கேயோ சேமித்துத் தொலைத்திருக்கிறேன். "ஏதாவது இலவசத் தேடல் மென்பொருள் போட்டுப் பாருடா" என்றான் அறைத் தோழன். ஒன்றைப் போட்டேன், தப்பித்தேன். எது என்று கடைசியில் சொல்கிறேன். அடுத்த வாரம் சாவகாசமாக உட்கார்ந்து இந்தக் கருவிகளின் கதையைப் படித்தபோது, தேடல் கருவியைவிட அதைச் சுற்றி நடந்த சண்டை சுவாரசியமாக இருந்தது.

முதலில் ஒரு அடிப்படை. கோப்பைத் தேட இரண்டே வழிதான். ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்கிப் பார்ப்பது ஒன்று. முன்கூட்டியே ஒரு அட்டவணை எழுதி வைத்துக்கொண்டு அதை மட்டும் புரட்டுவது இன்னொன்று. பேரேட்டின் முன்பக்கத்தில் எந்தக் கணக்கு எந்தப் பக்கம் என்று எழுதி வைப்போமே, அதே சங்கதி. யூனிக்ஸ் கணினிகளில் இந்த இரண்டாவது வழியை 1983-லேயே ஜேம்ஸ் வுட்ஸ் என்பவர் ஒரு கட்டுரையில் விளக்கிவிட்டார். கோப்புப் பெயர்களையெல்லாம் சுருக்கி ஒரே பட்டியலாக வைத்துத் தேடும் முறை அது. பட்டியலை அவ்வப்போதுதான் புதுப்பிப்பார்கள் என்பதால், இன்று காலை உருவாக்கிய கோப்பு அதில் இல்லாமல் போகலாம்.

வீட்டுக் கணினிக்கு வருவோம். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தேடினால் மூலையில் ஒரு நாய்க்குட்டி வாலாட்டும். பெயர் ரோவர். 1995-ல் வெளியாகி ஓடாமல் போன மைக்ரோசாஃப்ட் பாப் என்ற மென்பொருளிலிருந்து இங்கே குடிவந்த நாய்! தேடல் என்னவோ நாயின் அழகுக்கு ஈடாக இல்லை. கோப்புகளையெல்லாம் தரவுத்தளம் போல அடுக்கும் வின்எஃப்எஸ் வரப்போகிறது, அப்புறம் தேடுவதே கஷ்டமில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2003-ல் சொன்னது. 2004 ஆகஸ்டில், பின்னாளில் விஸ்டா என்று பெயர் பெற்ற பதிப்பில் அது இருக்காது என்று அறிவித்தது. 2006-ல் திட்டத்தையே மூட்டை கட்டியது.

அந்த இடைவெளியில்தான் திருவிழா. 2004 ஆகஸ்டில் கோப்பர்னிக், அக்டோபரில் கூகுள் டெஸ்க்டாப், டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், 2005 ஜனவரியில் யாஹூ. எல்லாமே இலவசம். ஏப்ரலில் ஆப்பிள் தன் இயங்குதளத்திலேயே ஸ்பாட்லைட்டைச் சேர்த்தது.

வணிகவியல் படிக்கிறவனுக்கு இலவசம் என்றாலே, செலவு எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பார்க்கும் புத்தி வந்துவிடுகிறது. கூகுள் டெஸ்க்டாப் உங்கள் கணினியில் கிடைத்தவற்றை இணையத் தேடல் முடிவுகளோடு சேர்த்து ஒரே பக்கத்தில் காட்டியது. எதைத் தேடினாலும் கை அந்தப் பெட்டிக்கே போக வேண்டும், விஷயம் அவ்வளவுதான். பழக்கத்தைப் பிடித்துவிட்டால் விளம்பரம் தானாக வரும் என்பது என் கணிப்பு.

இந்தக் கலவையிலேயே ஒரு ஓட்டையும் இருந்தது. உங்கள் கோப்புகளின் துணுக்குகளை வெளியார் பார்த்துவிட முடியும் என்று அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேன் வாலக்கும் அவருடைய இரண்டு மாணவர்களும் கண்டுபிடித்தார்கள். கூகுள் 2004 டிசம்பருக்குள் அதை அடைத்தது. அதைவிடப் பெரிய சர்ச்சை 2006 பிப்ரவரியில். வீட்டுக் கணினியில் உள்ளதை அலுவலகத்திலிருந்தும் தேடலாம் என்று ஒரு புது வசதி வந்தது. அதை இயக்கினால் கோப்புகளிலுள்ள எழுத்துகளின் நகல் கூகுள் சர்வருக்குப் போகும். பயன்படுத்தாதீர்கள் என்று எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் வெளிப்படையாக எச்சரித்தது. அட்டவணை யாருடைய அலமாரியில் இருக்கிறது என்ற கேள்வி எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான்.

2007-ல் விஸ்டா தன் சொந்தத் தேடலோடு வந்தது. எங்களுக்கு இடமில்லாமல் செய்கிறார்கள் என்று கூகுள் அமெரிக்க நீதித்துறையிடம் புகார் செய்ய, மாற்றங்கள் செய்கிறோம் என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. இத்தனை மல்லுக்கட்டிய கூகுள் 2011 செப்டம்பரில் கடையை மூடிவிட்டது. மக்கள் கோப்புகளை இணையத்தில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள், இயங்குதளங்களிலேயே தேடல் வந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான்.

பெரியவர்கள் போன பிறகும் நின்றது ஒரு சின்னக் கருவி. டேவிட் கார்ப்பென்டர் எழுதிய எவ்ரிதிங். அது ஃபோல்டர் ஃபோல்டராக அலைவதில்லை. என்டிஎஃப்எஸ் வட்டில் எல்லாக் கோப்புகளின் விவரமும் ஏற்கெனவே ஒரே அட்டவணையில் இருக்கிறது, அதை நேராகப் படித்துவிடுகிறது. அப்புறம் நடக்கும் மாற்றங்களை விண்டோஸ் தனியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வருமே, அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குறிப்பேட்டில் பதிந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதுவது! நம்ம பாடம் :-)

குறைகளும் உண்டு. அட்டவணையை நேராகப் படிக்க நிர்வாகி உரிமை வேண்டும், அதனால் கல்லூரி லேப் கணினியில் அது உதவாது. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால், மற்றவர்களின் கோப்புப் பெயர்களும் தெரியும். கோப்புக்குள் இருக்கும் வரியைத் தேடச் சொன்னால் திணறும். அதற்கு ஏஜென்ட் ரான்சாக் தேவலை. அட்டவணை எதுவும் இல்லாமல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கும், அதனால் நேரமாகும்.

அன்று ராத்திரி நான் போட்டது எவ்ரிதிங்தான். பெயரே ஞாபகமில்லாத கோப்பைப் பெயரால் தேடும் கருவியில் எப்படித் தேடுவது? வேர்ட் கோப்புகளை மட்டும் வடிகட்டி, கடைசியாகத் திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்தினேன். ஞாயிறு ராத்திரி எழுதியது மட்டும் நினைவில் இருந்தது. மேலிருந்து நான்காவது வரியில் இருந்தது என் அத்தியாயம். பெயர்: "ஏஏஏ". இருந்த இடம்: சினிமாப் பாட்டு ஃபோல்டர்.