நண்பனே எதிரியான கதை: பேராயர் தாமஸ் பெக்கெட் கொல்லப்பட்டது ஏன்?

1170 டிசம்பர் 29, மாலை நேரம். இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்துக்குள் 4 வீரர்கள் வாளோடு நுழைந்தார்கள். கதவைப் பூட்டிவிடலாம் என்று துறவிகள் கெஞ்சினார்கள். தேவாலயம் ஒன்றும் கோட்டை இல்லை என மறுத்துவிட்டார் பேராயர் தாமஸ் பெக்கெட். கொஞ்ச நேரத்தில் தலையில் வெட்டுப்பட்டு அங்கேயே இறந்தார்.

வந்தவர்கள் மன்னர் இரண்டாம் ஹென்றியின் ஆட்கள். அந்த மன்னரும் பெக்கெட்டும் ஒருகாலத்தில் நெருங்கிய நண்பர்கள் என்பதுதான் இதில் ட்விஸ்ட்டே.

லண்டன் வணிகரின் மகனான பெக்கெட், ஹென்றியின் சான்சலராக இருந்தவர். வேட்டை, விருந்து, போர் என எல்லாவற்றிலும் மன்னரோடு இருப்பார். நம்ம ஆளைப் பேராயர் ஆக்கினால் திருச்சபையும் கைக்குள் வந்துவிடும் எனக் கணக்குப் போட்ட ஹென்றி, 1162-ல் அந்தப் பதவியைக் கொடுத்தார். ஆனால் பேராயரானதுமே சான்சலர் பதவியை உதறிவிட்டார் பெக்கெட்.

என்னதான் பிரச்சனை?

பாதிரியார் ஒருவர் கொலையே செய்தாலும் திருச்சபை நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும் என்றது சபை. அங்கே மரண தண்டனை கிடையாது, பெரும்பாலும் பதவி பறிப்போடு முடிந்துவிடும். கீழ்நிலை சபைப் பணியாளர்களுக்கும் இதே சலுகை. பதவி பறிபோனவரை அரசு தண்டிக்கலாம் என்று 1164-ல் கிளாரண்டன் சட்டங்கள் மூலம் மாற்றப் பார்த்தார் ஹென்றி. இன்றைக்குப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்று கேட்டார் பெக்கெட். முதலில் தலையாட்டிவிட்டு பிறகு பின்வாங்கினார். மோதல் முற்றியதும் பிரான்சுக்குத் தப்பினார். 6 ஆண்டுகள் அங்கேதான்.

1170 ஜூனில் ஹென்றி தன் மகனுக்கு யார்க் பேராயரை வைத்து முடிசூட்டினார். அது கேன்டர்பரி பேராயரின் உரிமை. அடுத்த மாதமே சமரசம் ஆனாலும், டிசம்பரில் ஊர் திரும்பும்போதே முடிசூட்டில் பங்கேற்ற ஆயர்கள் மீது பெக்கெட் நடவடிக்கை எடுத்தார். நார்மண்டியில் இருந்த ஹென்றி கொதித்துப்போனார். அந்தக் கோபப் பேச்சைக் கேட்டுத்தான் நால்வரும் கடல் தாண்டிக் கிளம்பினார்கள். தான் கொல்லச் சொல்லவில்லை என்று 1172-ல் சத்தியம் செய்தார் மன்னர்.

1173-ல் பெக்கெட் புனிதரானார். அடுத்த ஆண்டு ஹென்றி வெறுங்காலோடு கேன்டர்பரிக்கு நடந்துபோய், துறவிகளிடம் பிரம்படி வாங்கிக்கொண்டார். கொன்ற நால்வருக்கும் மரண தண்டனை இல்லை. போப் அவர்களைச் சபையைவிட்டு விலக்கினார். பாதிரியார்களுக்கான அந்த நீதிமன்றச் சலுகை, பல மாற்றங்களோடு 1827 வரை இங்கிலாந்து சட்டத்தில் இருந்தது.