சந்தாவும் மூல நிரலும்: ரெட் ஹாட் – சென்ட்ஓஎஸ் உறவின் வரலாறு

கட்டற்ற மென்பொருளை விற்கக் கூடாது என்று அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் தம் ஈமாக்ஸ் எடிட்டரை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பிவந்தார். 1989இல் தொடங்கிய சிக்னஸ் நிறுவனம் குனு கருவிகளுக்குப் பராமரிப்புச் சேவை விற்றே வளர்ந்தது. ஆகவே, திறமூலச் சமூகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பின்னாளில் மூண்ட பூசலுக்குப் பணத்தாசையை மட்டும் காரணமாகக் காட்டினால் வரலாறு பிடிபடாது. எது விற்கப்பட்டது, அது யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு ரெட் ஹாட் நிறுவனத்துக்கும் சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலுக்கும் இருந்த இருபதாண்டு உறவு தெளிவான விடை தருகிறது என்பது என் கருத்து.

மார்க் யூயிங் 1994இல் வெளியிட்ட ரெட் ஹாட் லினக்ஸ், அடுத்த ஆண்டு பாப் யங்கின் வணிகத்துடன் இணைந்து நிறுவனமாயிற்று. தொடக்கத்தில் அது பெட்டியில் அடைத்த குறுந்தகடுகளை விற்றது. 1999 ஆகஸ்ட் 11 அன்று பங்குச் சந்தைக்கு வந்தபோது 14 டாலருக்கு வெளியிட்ட பங்கு, அன்று மாலையே 50 டாலரைத் தாண்டியது. அதற்கு முன்பே, நிரல் எழுதிய தன்னார்வலர்களுக்கு வெளியீட்டு விலையில் பங்கு வாங்கும் வாய்ப்பை ரெட் ஹாட் அளித்திருந்தது. தமக்கு வாழ்வளித்த உழைப்புக்கு நன்றி காட்டும் நேர்மையான முயற்சி அது. ஆனால் அவர்களில் பலரை, முதலீட்டு அனுபவமும் வருமானமும் போதாதென்று தரகு நிறுவனம் திருப்பி அனுப்பியது. சமூகத்துக்கும் சந்தைக்கும் இடையிலான உரசல் பொதுவெளியில் வெடித்த முதல் தருணங்களுள் இதுவும் ஒன்று.

பெட்டி வணிகம் நீடிக்கவில்லை. 2003இல் ரெட் ஹாட் தன் இலவச வழங்கலை நிறுத்தி, அதை இரண்டாகப் பிரித்தது. புதுமைகளைச் சோதிக்கும் ஃபெடோரா சமூகத்துக்கு, எண்டர்பிரைஸ் லினக்ஸ் சந்தா கட்டும் நிறுவனங்களுக்கு. சந்தாதாரர் வாங்கியது நிரலையல்ல. இன்ன ஆண்டுவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், இன்ன வன்பொருளில் ஓடும், இன்ன தரவுத்தள நிறுவனம் அதற்குச் சான்றளிக்கும் என்ற உறுதியை வாங்கினார். இந்த வணிகம் பலித்தது. 2012 நிதியாண்டில் நூறு கோடி டாலர் வருவாயைக் கடந்த முதல் திறமூல நிறுவனம் ரெட் ஹாட்தான்.

இங்கே லினக்ஸ் கெர்னலுக்குரிய ஜி.பி.எல். உரிமத்தின் ஒரு நுட்பத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். மென்பொருளைப் பெற்றவருக்கு அதன் மூல நிரலும் கிடைக்க வேண்டும், அவர் அதைப் பிறருக்குக் கொடுக்கும்போது கூடுதல் தடை விதிக்கக் கூடாது என்று அது கட்டளையிடுகிறது. வாடிக்கையாளரல்லாத எல்லோருக்கும் இணையத்தில் நிரலைத் திறந்துவைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ரெட் ஹாட் அப்படித் திறந்துவைத்தது. உரிமம் கேட்டதற்கு மேலான அந்தச் செயல், நாளடைவில் சமூகத்தின் உரிமையாகவே எண்ணப்பட்டது.

2004இல் பிறந்த சென்ட்ஓஎஸ் இதன் மேல்தான் நின்றது. தன்னார்வலர்கள் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரலை எடுத்து, வணிகச் சின்னங்களை நீக்கி, மீண்டும் தொகுத்து இலவசமாகத் தந்தனர். பெயரைப் பயன்படுத்துவது குறித்து 2005இல் ரெட் ஹாட்டின் வழக்கறிஞர்கள் கடிதம் எழுதினார்கள். அதன்பின் சென்ட்ஓஎஸ் பக்கங்களில் ரெட் ஹாட் பெயரே இல்லாமல் போய், 'வட அமெரிக்காவின் முக்கிய எண்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம்' என்ற சுற்றுச்சொல் வந்து உட்கார்ந்தது. ஆயினும் இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் பயன்பட்டது என்றே சொல்வேன். சென்ட்ஓஎஸ்ஸில் பழகிய நிர்வாகிகள் பெரிய நிறுவனங்களில் சேர்ந்தபோது ரெட் ஹாட்டின் சந்தாவை வாங்கச் சொன்னார்கள்.

உண்மையான போட்டி வேறு திசையிலிருந்து வந்தது. 2006இல் ஆரக்கிள், ரெட் ஹாட்டின் நிரலையே மறுதொகுத்து, குறைந்த விலையில் பராமரிப்பு விற்கத் தொடங்கியது. இது தன்னார்வப் பணி அல்ல, நேரடி வணிகம். 2011இல் ரெட் ஹாட் தன் கெர்னல் திருத்தங்களைத் தனித்தனியே தருவதை நிறுத்தி, எல்லாவற்றையும் கலந்த ஒரே தொகுப்பாக வெளியிட்டது. போட்டி நிறுவனங்களை எண்ணிச் செய்த காரியம் என்பதை அது மறைக்கவுமில்லை. 2023இல் மூல நிரல் பொதுவெளியில் கிடைக்காமல் போனதற்கு விதை இங்கேதான் விழுந்தது. ஆரக்கிளைக் குறிவைத்த அடி மறுதொகுப்பாளர் எல்லோர் மீதும் விழும் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

2014 ஜனவரியில் சென்ட்ஓஎஸ் ரெட் ஹாட்டுடன் இணைந்தது. முக்கியப் பங்களிப்பாளர்கள் ஊதியம் பெறும் ஊழியர்களானார்கள், வணிகப் பெயர் நிறுவனத்திடம் போனது. ஓய்வு நேரத்தில் உழைத்துக் களைத்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சமூகம் தன் சுதந்திரத்தை இழந்த நாள் அதுவே; பின்னால் நடந்தவையெல்லாம் அதன் விளைவுகள்.

2018இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹாட்டை வாங்குவதாக அறிவித்தது. 2019 ஜூலையில் கைமாற்றம் முடிந்தது. அதே 2019இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம், தான் பராமரித்துவந்த இன்னொரு மறுதொகுப்பான சயின்டிஃபிக் லினக்ஸுக்கு அடுத்த பதிப்பு வராது, இனி சென்ட்ஓஎஸ் 8 போதும் என்று முடிவு செய்தது. ஓர் ஆய்வகம் தன் சொந்தப் படைப்பையே கைவிடும் அளவுக்கு அந்தப் பெயருக்கு நம்பகம் இருந்தது. 2020 டிசம்பர் 8 அன்று ரெட் ஹாட், 2029வரை எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8இன் ஆதரவு 2021 இறுதியிலேயே முடியும் என்று அறிவித்தது. இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே. அது எண்டர்பிரைஸ் லினக்ஸுக்குப் பின்னால் வரும் நகலல்ல, அதற்கு முன்னோட்டம். இலவசமாகத் தந்ததை நிறுத்துவது எவருக்கும் உள்ள உரிமைதான். ஆனால் ஒரு தேதியை எதிர்பார்க்க வைத்து, பிறர் அதை நம்பி இடம்பெயர்ந்த பின் அதைச் சுருக்கியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சென்ட்ஓஎஸ்ஸைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கிரெகரி கர்ட்சர் உடனே அதற்கு மாற்றாக ராக்கி லினக்ஸை அறிவித்தார். மறைந்த தோழர் ராக்கி மெக்காவின் நினைவாக வைத்த பெயர் அது. கிளவுட்லினக்ஸ் நிறுவனம் தொடங்கிய மற்றொரு மாற்றான அல்மாலினக்ஸ், இலாப நோக்கற்ற அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் ஃபெர்மி ஆய்வகமும் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் தம் சோதனைகளுக்கு அல்மாலினக்ஸைப் பரிந்துரைத்தன.

2023 ஜூன் 21 அன்று ரெட் ஹாட் இறுதிக் கதவையும் சாத்தியது. எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரல் இனி வாடிக்கையாளருக்கு மட்டும். பொதுவில் ஸ்ட்ரீம் நிரலே கிடைக்கும். எந்த மதிப்பும் கூட்டாமல் மறுதொகுத்து விற்பவர்கள் திறமூல நிறுவனங்களுக்கே ஆபத்து என்று ரெட் ஹாட்டின் துணைத் தலைவர் மைக் மெக்ராத் வாதிட்டார். இதில் பாதி நியாயம் உண்டு. லினக்ஸ் கெர்னல், ஜிசிசி, க்னோம் எனப் பலவற்றில் அந்நிறுவனப் பொறியாளர்களின் உழைப்பு மிகப் பெரிது. மறுபாதி, அதன் விற்பனைச் சரக்கிலுள்ள ஆயிரக்கணக்கான தொகுப்புகளை எழுதியவர்கள் அதன் ஊழியர்கள் அல்லர் என்பது. அவர்களில் எவரும் ரெட் ஹாட்டிடம் இந்த அளவுகோலைக் காட்டியதில்லை.

சட்டம் இதில் தெளிவாக இல்லை. சந்தாதாரர் நிரலை மறுபகிர்வு செய்தால் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்படலாம். இது ஜி.பி.எல். தடுக்கும் 'கூடுதல் தடை' ஆகுமா? இத்தகைய விதியை வைத்திருந்த, கிரெசெக்யூரிட்டி என்ற கெர்னல் பாதுகாப்புத் திருத்தங்களை விற்ற நிறுவனம், அதைக் குறைகூறிய திறமூல இயக்க முன்னோடி புரூஸ் பெரன்ஸ் மீது வழக்குத் தொடுத்துத் தோற்றது. ஆனால் 2020இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு பெரன்ஸ் சொன்னது ஒரு கருத்து என்று மட்டும் கூறி, மையக் கேள்வியைத் தொடாமல் விட்டது.

அல்மாலினக்ஸ் அச்சு அசலான நகல் என்ற இலக்கைக் கைவிட்டு, நிரல்கள் ஒத்து ஓடினால் போதும் என்ற வழிக்கு மாறியது. ராக்கி லினக்ஸ் பொதுக் கொள்கலன்களிலிருந்தும் மணிக்கணக்கு வாடகைச் சர்வர்களிலிருந்தும் நிரலைத் திரட்டத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஆரக்கிள், சூசே, ராக்கிக்குப் பின்னிருக்கும் சி.ஐ.கியூ. ஆகியவை சேர்ந்து ஓப்பன்ஈஎல்ஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. கதவைச் சாத்தக் காரணமான ஆரக்கிள் இப்போது திறந்த நிரலின் காவலனாகப் பேசுகிறது. சமூகங்கள் இந்தக் கூட்டாளியையும் கண்ணை மூடி நம்பலாகாது.

சென்ட்ஓஎஸ்ஸின் மறுதொகுப்பு வரிசைகளில் கடைசியாக எஞ்சியிருந்த 7ஆம் பதிப்பின் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அந்தப் பெயரும் சின்னமும் இன்றும் ரெட் ஹாட் வசமே உள்ளன.