பாடுகிறவர் காது

சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குரலைப் பற்றியே எழுதுகிறார்கள். காதைப் பற்றி எழுதுவோர் குறைவு. அப்படி எழுதினாலும் ரஸிகர்களின் காதைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் சொல்ல வந்தது பாடுகிறவரின் காதை. தாம் பாடுவது தமக்கே கேட்காமல் பாடும் வித்வான், கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடப் புறப்பட்டவரைப் போன்றவர். புள்ளி ஓரிடத்தில் இருக்கும். இழை வேறிடத்தில் போகும்.

இந்த விஷயத்தில் பேசுவதற்குக் காரைக்குடிச் சீமைக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இன்றைய கச்சேரிக்கு ஒழுங்கு வகுத்தவர் என்று கொண்டாடப்படும் ராமாநுஜ ஐயங்கார் 1890-ல் பிறந்த அரியக்குடி, காரைக்குடிக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. வீணையில் சுப்பராமையர், சாம்பசிவையர் என்ற சகோதரர்கள் இந்த ஊர்ப் பெயரையே தங்கள் அடையாளமாக்கிக் கொண்டார்கள். மூத்தவர் வீணையைத் தம்புராவைப் போல நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசிப்பார். இளையவர் எல்லாரையும் போல மடிமீது கிடத்தி வாசிப்பார். இவர்களெல்லாம் மைக் என்ற பெயரையே நம் மேடைகள் அறியாத காலத்தில் வித்தை பயின்றவர்கள். அவர்களுக்குத் தங்கள் நாதம் எப்படிக் கேட்டது?

முதலாவது, சுவர். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு பூசிக் கண்ணாடி போல் இழைத்த சுவர், வழவழப்பான தரை, பர்மாத் தேக்குத் தூண்கள். இப்படிப்பட்ட சுவர் ஓசையை விழுங்காது, திருப்பித் தரும். கல்யாண வீட்டில் பாடுகிறவர் விட்ட ஸ்வரம் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டு அவரிடமே திரும்பி வரும். இரண்டாவது, தம்புரா. அதை மீட்டுகிறவரைப் பாடகருக்குப் பின்னால் உட்கார வைத்தது அழகுக்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? சுருதி அவர் காதோரத்தில் விழவேண்டும் என்பதற்காகவும்தான். நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் நிற்பதும் இதே காரியத்துக்குத்தான். தவில் இடிமுழக்கம் செய்யும்போதும் ஆதார ஸ்வரத்தை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள அது ஓர் ஊன்றுகோல்.

அப்புறம் மைக் வந்தது. 1915-ல் அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு பெருங்கூட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியை முழங்க வைத்தார்கள். 1930-களில் அது நம் ஊர்ப் பந்தல்களுக்கும் வந்து சேர்ந்தது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டுக் கேட்டது. வீதி முனை டீக்கடைக்கும் கேட்டது. உயர்ந்த சுருதியில் தொண்டை கிழியப் பாடவேண்டிய அவசியம் போயிற்று. வரவில் ஒரு குறையுமில்லை. ஆனால் செலவுக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒலிபெருக்கிகள் ஜனங்களைப் பார்த்து நின்றன. பாடகருக்கு முதுகைக் காட்டின. வீட்டுக்குள் இருந்த கச்சேரி திறந்த வெளிப் பந்தலுக்குப் போயிற்று. பந்தல் துணி ஓசையைக் குடித்துவிடும், திருப்பித் தராது. ஊரெல்லாம் கேட்கிற பாட்டு, பாடுகிறவருக்கு மட்டும் அரைகுறையாகக் கேட்டது.

இந்த வேடிக்கை உச்சத்துக்குப் போனது வெளிநாட்டில். 1965-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி, பாட்டு முடிகிறவரை வீறிட்டுக்கொண்டே இருந்தார்கள். பாடியவர்களுக்குத் தங்கள் பாட்டுக் கேட்கவில்லை. கொட்டு வாசித்த ரிங்கோ ஸ்டார், முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று ஊகித்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். மறு வருஷம் ஆகஸ்டோடு அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதற்குப் பரிகாரமாகத்தான் மேடைமேலேயே, பாடகரை நோக்கி ஒரு பெட்டி வைக்கும் வழக்கம் பரவிற்று. 'மானிட்டரில் தம்புராவைக் கொஞ்சம் கூட்டுங்கள்' என்று வித்வான்கள் மைக்காரருக்கு ஜாடை காட்டுகிறார்களே, அந்தப் பெட்டிதான். ஆனால் பெட்டியின் சத்தம் திரும்பவும் மைக்குக்குள் புகுந்தால் ஊளை கிளம்பும். மேலும் ஒருவர் பெட்டியைக் கூட்டினால் பக்கத்தில் இருப்பவரும் தம்முடையதைக் கூட்டச் சொல்வார். மேடை, சந்தை ஆகிவிடும்.

சந்தையில் நாசமாவது காது. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும் என்றும் வைத்திய விஞ்ஞானிகள் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி நூறு டெசிபெல்லில் கால் மணி நேரந்தான். நம் மெல்லிசை மேடைகளில் கால் மணியிலா கச்சேரி முடிகிறது? உள்காதில் கெட்டுப்போன நுண்ணிய மயிர்க்கால் அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை. வித்வானின் கைமுதல் மெல்ல மெல்லக் கரைகிறது.

ஆகவே, பெட்டியைச் சிறிதாக்கிக் காதுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 'இன்-இயர் மானிட்டர்' என்று பெயர். 1995-ல் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப் பொறியாளர், வான் ஹேலன் குழுவின் டிரம்ஸ் கலைஞருக்காக இரண்டு சிறு ஒலிப்பான்களை ஒரே கூட்டில் அடக்கிச் செய்து கொடுத்த பிறகு இது வேகமாகப் பரவிற்று. காதுக்கு அச்செடுத்து வார்ப்பதால் இறுக்கமாகப் பொருந்தும். வெளிச் சத்தம் தடைபடும்; உள்ளே மெதுவாக வைத்துக்கொண்டாலே எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

நல்ல ஏற்பாடுதானே? ஒரு பரீட்சை செய்து பாருங்கள். இரு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு வரி பாடுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது போல் மண்டைக்குள் முழங்கும். பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்காது. ஆயிரம் பேர் நடுவில் பாடகர் இப்படித் தனித்துப் போகிறார். திருவிழா மேடைகளில், பாட்டு நடுவே ஒரு பக்கத்துக் கருவியைப் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஜனங்களின் கைதட்டல் கேட்க வேண்டும் என்ற ஆசை! ஆனால் ஒரு காதால் மட்டும் கேட்கிறவர் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். திறந்த காதை மேடைச் சத்தம் தாக்கும். மூடிய காதைக் கருவியே தாக்கும்.

இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். மேடையின் இரு ஓரத்திலும் சபையைப் பார்த்து இரண்டு மைக் வைத்து, அந்த ஓசையைப் பாட்டோடு கொஞ்சமாகக் கலந்து அனுப்புவது ஒன்று. கருவியில் சிறு துவாரம் விடுவது இன்னொன்று. இதில் கீழ்ஸ்தாயி கொஞ்சம் வலுவிழக்கும், வெளிச் சத்தமும் வேண்டாத அளவு புகும். மூன்றாவது, ஒவ்வொரு காதுக் கருவியின் வெளிப்புறத்திலும் பொட்டுப் போல ஒரு மைக்கைப் பதிப்பது. ஓசை வலக்காதுக்கும் இடக்காதுக்கும் வந்து சேரும் இம்மி நேர வித்தியாசத்தைக் கொண்டுதான் அது எந்தத் திசை என்று நாம் அறிகிறோம். மைக் காதிலேயே இருந்தால் அந்தத் திசை உணர்ச்சி கெடுவதில்லை. எவ்வளவு வெளி ஓசை வேண்டும் என்பதையும் பாடகரே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டியே அளந்து வைத்த பாட்டைப் பாடுகிறவருக்கு இது சௌகரியம் மட்டுமே. நம் கச்சேரிக்கோ இது உயிர். நிரவலில் பாடகர் எங்கே திரும்புவார் என்று பிடில்காரருக்கு முன்னாலேயே தெரியாது. முன் வரிசையிலிருந்து எழும் ஒரு 'பேஷ்' இன்னும் இரண்டு ஆவர்த்தனம் பாடவைக்கும். அங்கே எழும் இருமல் பல்லவியைச் சுருக்கவும் செய்யும். சபையின் ஓசை சங்கீதத்துக்கு இடைஞ்சல் என்று அடைத்துவிட்டால், கச்சேரி இசைத்தட்டுப் பதிவாகிவிடும்.

ராமாநுஜ ஐயங்கார் மைக் இல்லாமல் பாடத் தொடங்கி, மைக் வைத்தும் பாடி, 1967-ல் மறைந்தார். காதுக்குள் கருவி வைத்துக்கொள்ளும் காலத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பொட்டு மைக்கைக் கண்டு வியந்திருப்பாரோ, சிரித்திருப்பாரோ! காரைக்குடிச் சுவர் ஒரு காசு வாங்காமல் செய்துவந்த வேலையை அல்லவா அது செய்கிறது?