27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட்: பேஸ்பாலில் 'பெர்ஃபெக்ட் கேம்' என்றால் என்ன?

2010 ஜூன் 2. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர். டைகர்ஸ் அணியின் பந்துவீச்சாளர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கிவிட்டார். இன்னும் ஒரே ஒருவர்தான் பாக்கி.

அவர் எதற்காகக் காத்திருந்தார் தெரியுமா? பேஸ்பாலின் ஆக அரிய சாதனைகளில் ஒன்றான 'பெர்ஃபெக்ட் கேம்'!

கணக்கு என்ன?

ஓர் ஆட்டத்தில் 9 இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு 3 அவுட். ஆக மொத்தம் 27.

எதிரணியின் 9 பந்தடிப்பாளர்களும் ஆளுக்கு 3 முறை வர வேண்டும். ஒருவர்கூட முதல் பேஸை எட்டாமல் திரும்ப வேண்டும். அதுதான் பெர்ஃபெக்ட் கேம்.

எதெல்லாம் அதைக் கெடுக்கும்?

- பந்தை அடித்துவிட்டு முதல் பேஸை அடைவது (ஹிட்)
- நான்கு 'பால்' வீசியதால் கிடைக்கும் 'வாக்'
- பந்து உடலில் பட்டதால் முதல் பேஸுக்குப் போவது
- களக்காப்பாளரின் தவற்றால் பேஸை எட்டுவது
- மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் தவறவிட, பந்தடிப்பாளர் ஓடித் தப்புவது

கவனித்தீர்களா? பந்துவீச்சாளர் எந்தத் தப்பும் செய்யாமலேயே சாதனை கைநழுவிப் போகலாம்!

ஆனால் ஃபவுல் பந்தைக் களக்காப்பாளர் நழுவவிட்டால் கவலை இல்லை. அது தவறு என்று பதிவாகும். ஆனாலும் பந்தடிப்பாளர் பேஸை எட்டவில்லையே! அடுத்து அவரை அவுட்டாக்கினால் போதும்.

'நோ-ஹிட்டர்' வேறா?

ஆமாம், வேறுதான். அதில் ஹிட் மட்டும் இருக்கக்கூடாது. 'வாக்' மூலமோ களத் தவறு மூலமோ யாராவது பேஸுக்குப் போனாலும் நோ-ஹிட்டர் செல்லும். எல்லா பெர்ஃபெக்ட் கேமும் நோ-ஹிட்டர்தான்; எல்லா நோ-ஹிட்டரும் பெர்ஃபெக்ட் கேம் ஆகாது.

36 பேரை வீழ்த்தியும் போதவில்லை

1959இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹார்வி ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸில் தொடர்ந்து 36 பேரை அவுட்டாக்கினார். ஆனால் அவருடைய அணி ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. 13ஆவது இன்னிங்ஸில் களத் தவற்றால் ஒருவர் பேஸுக்குப் போனார். கடைசியில் ஆட்டமே தோல்வி!

குறைந்தது 9 இன்னிங்ஸ், அதுவும் ஆட்டம் முடியும்வரை குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று மேஜர் லீக் 1991இல் வரையறுத்தது. அதனால் ஹாடிக்ஸின் பெயர் பட்டியலில் இல்லை.

எவ்வளவு அரிது?

200,000க்கும் அதிகமான மேஜர் லீக் ஆட்டங்களில் அதிகாரபூர்வப் பட்டியலில் இருப்பவை வெறும் 24. ஆகக் கடைசியாக 2023 ஜூன் 28இல் நியூயார்க் யாங்கீஸின் டொமிங்கோ ஹெர்மான் அதைச் செய்தார். வேர்ல்ட் சீரிஸில் செய்தவர் ஒரே ஒருவர்: 1956இல் டான் லார்சன். இரண்டு முறை செய்தவர் யாருமே இல்லை.

சரி, கலராகா என்ன ஆனார்?

27ஆவது பந்தடிப்பாளர் தெளிவாக அவுட். ஆனால் முதல் பேஸ் நடுவர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்று கை விரித்தார். அது ஹிட் என்று பதிவானது. பெர்ஃபெக்ட் கேமும் போச்சு, நோ-ஹிட்டரும் போச்சு! கலராகா சின்னதாகப் புன்னகைத்துவிட்டு, அடுத்தவரை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தார்.

பிறகு காணொளியைப் பார்த்த ஜாய்ஸ் தவற்றை ஒப்புக்கொண்டு கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டக்காரர் பட்டியலை ஜாய்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் கலராகாதான். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

2014 முதல் இத்தகைய முடிவுகளைக் காணொளி மூலம் மறுஆய்வு செய்யலாம். ஆனால் 2010இன் முடிவு மாற்றப்படவில்லை. களத்தில் நடுவர் சொன்னதுதான் பதிவேட்டில் நிற்கிறது.

அந்தப் பட்டியலில் கலராகாவின் பெயரைத் தேடாதீர்கள்; இருக்காது. ஆனால் பட்டியலில் உள்ள பலரைவிட அவரைத்தான் ரசிகர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள்!